டமியா சிவிஏ சூப்பர் மினி ஷாக்: பிளாஸ்டிக்தான், ஆனாலும் போதும்

டமியாவின் டிடி-02 என்ற ரிமோட் காரின் அடிப்படை கிட்டில் (நாமே கோத்துக்கொள்ளும் பாகங்களின் பெட்டி) வருவது ஆயிலே இல்லாத ஷாக் (அதிர்வு தாங்கி). ஒரு ஸ்பிரிங், ஒன்றுக்குள் ஒன்று உரசிப் போகும் பிளாஸ்டிக் துண்டுகள், அவ்வளவுதான். தரை கொஞ்சம் மேடுபள்ளமாக இருந்தாலே கார் குதித்துக்கொண்டு ஓடும். அதற்கு மாற்றாகப் பலரும் முதலில் வாங்குவது அதே நிறுவனத்தின் சிவிஏ சூப்பர் மினி (பாக எண் 50746). ஒரு பாக்கெட்டில் இரண்டுதான் இருக்கும், ஆகவே இரண்டு பாக்கெட் வேண்டும்.

குழாய் பிளாஸ்டிக், தண்டு உலோகம், மூடிக்கு அடியில் ரப்பர் டயாஃப்ரம். தண்டு உள்ளே போகும்போது அது அடைக்கும் இடத்துக்கு ஈடாக டயாஃப்ரம் வளைந்து கொடுக்கும். வடிவமைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. "ஒழுகுகிறது" என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை கோத்த விதத்தால் வருபவை.

தண்டின் நுனியில் கண்ணியை (ஷாக்கைக் காரில் மாட்டும் பிளாஸ்டிக் வளையம்) முறுக்கி ஏற்றும்போது பிளையரால் தண்டை நேரடியாகப் பிடிக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்தாலும் அது ஓ-ரிங்கை (தண்டைச் சுற்றி ஆயிலை அடைத்து நிற்கும் ரப்பர் வளையம்) அறுக்கும், ஒழுகல் அங்கேதான் ஆரம்பம். துணி சுற்றிப் பிடிக்கவும். ஓ-ரிங்கில் சிலிகான் கிரீஸ் தடவுங்கள். ஆயிலை ஊற்றி, பிஸ்டனை (தண்டின் உள்முனையில் இருக்கும் ஓட்டை போட்ட வட்டு) மெதுவாக மேலும் கீழும் ஆட்டி, பத்து நிமிடம் நிமிர்த்தி வையுங்கள். குமிழி எல்லாம் மேலே வந்துவிடும். பிறகு டயாஃப்ரத்தை வைத்து, வழியும் ஆயிலைத் துடைத்து மூடியைப் போடுங்கள். தண்டை அமுக்கும்போது 'சளக்' என்று கேட்டால் உள்ளே காற்று இருக்கிறது. கடைசிவரை உள்ளே போகாமல் எதிர்த்து வெளியே தள்ளினால் ஆயில் அதிகம். இரண்டுக்கும் மூடியைத் திறப்பதுதான் வழி.

ஆயில் சிலிகானாகவே இருக்கட்டும். பைக் ஃபோர்க் ஆயிலை ஊற்றினால் சிலிகான் ஓ-ரிங் உப்பித் தண்டு இறுகிவிடும். எண்களிலும் குழம்ப வேண்டாம். அசோசியேட்டட் என்ற இன்னொரு நிறுவனத்தின் பாட்டிலில் 35 என்பது சுமார் 425 சென்டிஸ்டோக் (ஆயிலின் கெட்டித்தன்மையை அளக்கும் அலகு), 40 என்பது 500. டமியாவின் 400-க்குப் பக்கத்தில் நிற்பது அந்த 35தான்.

இந்த ஷாக்கின் உண்மையான வசதி பிஸ்டனில்தான் இருக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று ஓட்டை என மூன்று வகை கூடவே வருகின்றன. ஓட்டை குறைந்தால் ஷாக் இறுகும். அதே இறுக்கத்தைக் கெட்டி ஆயிலாலும் கொண்டுவரலாம், ஆனால் இரண்டும் ஒரே மாதிரி நடக்காது. கையால் மெல்ல அமுக்கினால் வித்தியாசம் தெரியாது. வேகமாகப் போய் ஒரு விரிசலில் இடிக்கும்போது தெரியும். ஒற்றை ஓட்டை வழியாக ஆயில் அந்த வேகத்துக்குப் பாய முடியாமல் ஷாக் ஒரு கணம் பூட்டிக்கொள்ளும், சக்கரம் தரையை விட்டு எழும்பும். கரடுமுரடான தார்த் தரைக்கு மூன்று ஓட்டை பிஸ்டனும் 400 ஆயிலும் நல்ல ஆரம்பம். வழவழப்பான தரைக்கு இரண்டு ஓட்டை. வெயிலில் ஆயில் இளகும், கோடையில் மட்டும் ஒரு படி கெட்டியாக மாற்றலாம்.

வளைவில் பின்பக்கம் வழுக்கினால் முதலில் பின் ஸ்பிரிங்கை மென்மையாக்குங்கள். டமியாவின் டூரிங் ஸ்பிரிங்குகளில் சிவப்பு மென்மை, மஞ்சள் நடுத்தரம், நீலம் கடினம்.

உண்மையான குறை உயரம் சரிசெய்யும் விதத்தில் இருக்கிறது. திருகு வளையம் கிடையாது, ஸ்பிரிங்குக்கு மேலே செருகும் பிளாஸ்டிக் கிளிப்தான். கால் மில்லிமீட்டர் நுணுக்கம் இதில் நடக்காது. சுவரில் இடித்தால் கிளிப் கழன்று தெறிக்கும், கூடுதலாக நாலு வைத்திருங்கள். கண்ணிக்குக் கண்ணி நீளத்தை வெர்னியர் அளவுகோலில் அளந்து, இடது வலது ஜோடியைச் சமமாக்கவும். வித்தியாசம் இருந்தால் பிரேக் பிடிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுக்கும். காரைத் தூக்கும்போது சக்கரம் அதிகமாகத் தொங்கினால், குழாய்க்கு உள்ளே பிஸ்டனுக்கும் ஓ-ரிங்குக்கும் நடுவில் தண்டில் ஒரு சிறு ஸ்பேசர் கோத்தால் போதும்.

கார்பெட் டிராக்கில் போட்டி ஓட்டுகிறவர்களுக்குத் திருகு வளையம் உள்ள அலுமினிய ஷாக் தேவைப்படும். மற்றவர்கள் அந்தப் பணத்தை முதலில் டயருக்குச் செலவழிக்கலாம்.