டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு கேள்விக்குறி

இந்த முறை மதுரைப் பயணத்தில் எழுத வேண்டியது ஒரு கேள்விக்குறியைப் பற்றித்தான். மற்றதெல்லாம் நல்லபடியாகவே நடந்தது.

அக்காவுக்கு சிவிஐடி. ரத்தத்தில் நோயை எதிர்க்கும் புரதமான இம்யூனோகுளோபுலின் போதாத, முதன்மை வகை எதிர்ப்புக் குறைபாடு. நாலு வாரத்துக்கு ஒருமுறை ஐவிஐஜி, அதாவது அந்தப் புரதத்தை மருந்தாக நரம்பு வழியே, ஏற்றியாக வேண்டும். அமெரிக்காவில் இருப்பவள் ஆறு வாரத்துக்கு ஊருக்கு வந்தால் நடுவில் ஒரு டோஸ் இங்கே போட்டே ஆக வேண்டும். எடை 62 கிலோ, கிலோவுக்கு 400 மில்லிகிராம் கணக்கில் 25 கிராம், 5 கிராம் பாட்டில் ஐந்து. தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் காலையில் சேர்ந்து சாயங்காலம் வீடு. முதல் குத்திலேயே நரம்பைப் பிடித்த நர்ஸ், மெதுவாகத் தொடங்கி அரை மணிக்கொரு தரம் பி.பி. பார்த்து வேகத்தைக் கூட்டினார். அமெரிக்காவில் இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து அக்காவை யாரும் பார்த்ததில்லை.

பிறகு சம்மரி வந்தது. நோய் என்ற இடத்தில் '? சிவிஐடி', கீழே 'ஐவிஐஜி கிவன், ஸ்டேபிள்'. நோய்க்கான குறியீடு, அதாவது கோடு (code), டி84.9.

நம் ஊர் டாக்டர்களுக்கு நோயின் பெயருக்கு முன்னால் ஒரு கேள்விக்குறி போடுவது கைப்பழக்கம். 'சந்தேகம், பார்க்கலாம்' என்று பொருள். முதல் தடவை அது சரிதான். ஆனால் பழைய சம்மரியைப் பிரதி எடுத்தே புதியதை அடிப்பதால், நோய் உறுதியாகிப் பல வருடம் ஆன பிறகும் அந்தக் குறி கூடவே வந்துகொண்டிருக்கிறது. அமெரிக்கக் கோடிங் விதிப்படி புறநோயாளி, டே-கேர் பதிவுகளில் சந்தேகம், இருக்கலாம், விலக்கிப் பார்க்க என்றெல்லாம் எழுதிய நோய்க்குக் கோடு போடக் கூடாது. உறுதியான அளவுக்கு மட்டும்தான் போடலாம். டி83.9 என்றால் சிவிஐடி. டி84.9 என்றால் 'ஏதோ ஒரு எதிர்ப்புக் குறைபாடு, விவரமில்லை'. பின்னதை மட்டும் வைத்து ஐவிஐஜி பில்லை அனுப்பினால் அமெரிக்க இன்ஷூரன்ஸ்காரர் எளிதில் திருப்பிவிடுவார். மருந்தின் விலை தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை.

ரெக்கார்ட்ஸ் கவுன்டரில் கேட்டதற்கு, "டாக்டர் போட்டத நாங்க மாத்த முடியாதும்மா" என்றார் அந்தத் தம்பி. சரியான பதில். குறியீட்டை அவர் மாற்றவும் கூடாது. டாக்டர் வாக்கியத்தை மாற்றினால் குறியீடு தானாக மாறும். வயிறெரிவது வேறொன்றுக்கு: இதே தமிழ்நாட்டில் சென்னையிலும் கோவையிலும் எத்தனையோ பிள்ளைகள் இரவு ஷிப்டில் அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் சார்ட்டுக்குக் கோடு போடுகிறார்கள். டி83-க்கும் டி84-க்கும் வித்தியாசம் அவர்களுக்கு அத்துப்படி. அந்த அறிவு நம் ஊர் வார்டுப் பக்கம் வரவே இல்லை.

அந்தத் தம்பி குரலைத் தாழ்த்தி, "எச்.ஐ.வி. கேஸா?" என்றும் கேட்டார். 'இம்யூனோ டெஃபிஷியன்சி' என்றாலே அதுதான் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. எச்.ஐ.வி.க்குக் குறியீடு பி20. குறியீட்டுப் பட்டியலில் டி80 முதல் டி89 வரையான பகுதியின் தலைப்பிலேயே பி20 இதில் சேராது என்று குறிப்பு இருக்கிறது.

டாக்டரைப் பார்க்க மறுநாள் காத்திருந்தோம். காப்பாற்றியது அம்மா பீரோவில் வைத்திருந்த மஞ்சப்பை. அமெரிக்காவில் எல்லாம் ஆஸ்பத்திரியின் ஆன்லைன் போர்ட்டலுக்குள். பழைய ஆஸ்பத்திரி மாறினால் அந்தப் போர்ட்டலும் கைவிட்டுப் போகலாம். ஊரில் நோயாளியின் ஃபைல் நோயாளி கையில். அந்தப் பையில் சிகிச்சை தொடங்கும் முன் எடுத்த ஐஜிஜி (இம்யூனோகுளோபுலினின் முக்கிய வகை) ரிப்போர்ட் இருந்தது: டெசிலிட்டருக்கு 310 மில்லிகிராம். பெரியவர்களுக்குச் சாதாரணமாக 700-க்கு மேல் இருக்க வேண்டும். கூடவே இன்னொரு வகையான ஐஜிஏ குறைவு, நிமோனியா தடுப்பூசிக்கு முன்னும் பின்னும் எடுத்த ஆன்டிபாடி அளவு. இந்தக் காகிதங்களுக்கு மாற்றே கிடையாது. ஐவிஐஜி ஏற்றத் தொடங்கிவிட்டால் ரத்தத்தில் இருப்பது தானம் செய்தவர்களின் ஐஜிஜியும் கலந்தது. திரும்ப அளக்க வேண்டுமென்றால் மருந்தைப் பல மாதம் நிறுத்த வேண்டும், அந்த இடைவெளியில் நிமோனியா வரலாம். லேமினேட் செய்யாமல், ஸ்கேன் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேறு நாட்டு ரிப்போர்ட்டோடு ஒப்பிடும்போது அலகைப் பாருங்கள்: இங்கே 310 என்பது இங்கிலாந்தில் லிட்டருக்கு 3.1 கிராம்.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் தயங்கவே இல்லை. பழையதை அடித்துத் திருத்தாமல், தேதி போட்டுக் கையெழுத்திட்ட கூடுதல் குறிப்பாக எழுதினார்: சிவிஐடி உறுதி, சிகிச்சைக்கு முந்தைய ஐஜிஜி, தடுப்பூசிக்குப் பலனில்லாமை, திரும்பத் திரும்ப வந்த நிமோனியா, எடை, டோஸ், மருந்தின் செறிவு, தொடங்கிய நேரம், முடிந்த நேரம். செறிவு ஏன் என்றால் 10 சதவீதத்தில் 25 கிராம் 250 மில்லி, 5 சதவீதத்தில் 500 மில்லி. நேரம் ஏன் என்றால் அமெரிக்காவில் முதல் ஒரு மணி நேரத்துக்கு ஒரு கோடு, அதற்கு மேல் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் வேறு. இந்தக் கோடுகளை ஊர் ஆஸ்பத்திரியில் கேட்டுத் தொல்லை கொடுக்க வேண்டாம். நேரம் எழுதியிருந்தால் போதும். மெடிகேர் (முக்கியமாக முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடு) மட்டும் உள்ளவர்கள் இதற்கு அலையவே வேண்டாம், வெளிநாட்டுச் சிகிச்சைக்குப் பொதுவாக அது தராது.

ஒன்று மட்டும் கிடைக்காமல் போக இருந்தது. ஐந்து பாட்டிலின் லாட் எண், அதாவது தயாரிப்புத் தொகுதியின் எண். ஐவிஐஜி மனித பிளாஸ்மாவிலிருந்து எடுப்பது. ஒரு லாட்டைத் திரும்பப் பெற்றால் யாருக்கு ஏறியது என்று தேட அந்த எண்தான் வழி. அங்கே நரம்பைப் பிடித்த அதே நர்ஸ் கேஸ் ஷீட்டைத் திருப்பிக் காட்டினார். காலி பாட்டில்கள் நீலக் குறியிட்ட பெட்டிக்குள் போகும் முன்னரே ஐந்து ஸ்டிக்கரையும் பிய்த்து, பின்பக்கத்தில் வரிசையாக ஒட்டி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் மாட்டிய நேரத்தைச் சிவப்புப் பேனாவில் எழுதியிருந்தார். யாரும் சொல்லாமலே செய்தது. அந்தப் பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்து, சீல் வைத்து வாங்கிக்கொண்டு வந்தோம்.