கூரை பெயர்ந்த கூடத்தில் பிறந்த பாடல்கள்: வெல்ச் – ராலிங்ஸின் ‘வுட்லேண்ட்’

2020 மார்ச் 3ஆம் தேதி நள்ளிரவு கடந்த வேளையில், அமெரிக்காவின் டென்னசி மாநிலத் தலைநகரான நாஷ்வில்லை டொர்னாடோ என்னும் சுழற்காற்று தாக்கியபோது, பாடகர்களும் பாடலாசிரியர்களுமான கில்லியன் வெல்ச்சும் டேவிட் ராலிங்ஸும் ஏறக்குறைய இருபது ஆண்டுகளாகத் தங்கள் பாட்டுக்கு வீடாகப் பேணிவந்த வுட்லேண்ட் ஒலிப்பதிவுக் கூடத்தின் கூரை பெயர்ந்தது. மின்சாரமும் இல்லாத அந்த இருளில், உள்ளே கொட்டிய மழைக்கு நடுவே, வாழ்நாள் உழைப்பான மூல ஒலிநாடாக்களை இருவரும் தம் கைகளாலேயே அப்புறப்படுத்திக் காப்பாற்றினார்கள். பழுதுபார்த்து மீட்ட அதே கூடத்தில் பதிவாகி, 2024 ஆகஸ்டில் அவர்களுடைய சொந்த நிறுவனமான அகோனி ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட பத்துப் பாடல்களின் தொகுப்புதான் ‘வுட்லேண்ட்’. இருவர் பெயரையும் ஒருசேரத் தாங்கி, முழுவதும் சொந்தப் பாடல்களோடு வரும் முதல் தொகுப்பும் இதுவே.

கூடத்தின் பெயரையே சூட்டியிருந்தும், இதில் எந்தப் பாடலும் அந்த இரவின் கதையைச் சொல்வதில்லை. பட்ட துயரத்தை நாட்குறிப்பைப் போல ஒப்பிக்கும் பாடல்கள் ஃபோக் என்னும் நாட்டார் வழி இசையிலும், அமெரிக்க மரபிசைகளில் வேரூன்றிய அமெரிக்கானாவிலும் ஏராளம். அவற்றில் பல, பாடியவரின் வாழ்க்கையை அறிந்துகொண்ட பிறகே நமக்குப் பொருள்படுகின்றன. ‘வுட்லேண்ட்’ அப்படிப்பட்டதன்று. இழப்பு இங்கே செய்தியாக வராமல், உலகைப் பார்க்கும் கண்ணாகவே மாறியிருக்கிறது.

முதல் பாடலான ‘எம்ப்டி ட்ரெயின்லோடு ஆஃப் ஸ்கை’ இதற்குச் சரியான சான்று. காலிச் சரக்கு ரயில் ஒன்று கடந்து செல்கிறது. திறந்து கிடக்கும் பெட்டிகளின் ஊடாக மறுபக்கத்து வானம் தெரிகிறது. காட்சி அவ்வளவுதான். ஆனால் அதைக் காண்பவள், வெறுமையைச் சுமந்துகொண்டு போகும் அந்த ரயிலைத் தேவனின் செயல் என்பதா, சாத்தானின் செயல் என்பதா என்று தடுமாறும்போது, கூரையில்லாத கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தவரின் குரல் அது என்பது சொல்லாமலே விளங்கிவிடுகிறது. பேஸும் டிரம்ஸும் நடையைத் தளரவிடாமல் பிடித்துக்கொள்ள, வெல்ச்சின் குரல் சற்றும் அவசரப்படாமல் அதன்மேல் நடக்கிறது.

தொகுப்பின் உச்சம் என்று நான் கருதுவது ‘ஹேஷ்டேக்’. தொடக்க நாட்களில் இவர்களைத் தம் கச்சேரிப் பயணங்களில் உடன் அழைத்துச் சென்ற டெக்ஸாஸ் பாடலாசிரியர் கை கிளார்க் 2016 மே மாதம் மறைந்தார். இவர்களைப் போன்ற பாடகர்கள் செய்தியாவது இறந்த பிறகு மட்டுமே என்ற உண்மையைக் கசப்பின்றி ஏற்றுக்கொள்கிறது இந்த இரங்கற்பா. ராலிங்ஸ் இதை உரத்து அழாமல், பேச்சுக்கு நெருங்கிய குரலில் பாடுகிறார். மூத்தவர் ஒருவரை இழந்த வீட்டில் மெல்லப் பேசிக்கொள்வார்களே, அந்தத் தொனி. பின்னணியில் எழும் வயலின் வரிசை ஓரிடத்தில் துயரத்தை மிகைப்படுத்திவிடுமோ என்று அஞ்சினேன். அது தக்க நேரத்தில் அடங்கிவிடுகிறது.

இரண்டு குரல், இரண்டு கிட்டார் என்பதே இவர்களின் நெடுநாள் இலக்கணம். அதை இத்தொகுப்பில் பெடல் ஸ்டீல் என்னும் இழைந்தொலிக்கும் கிட்டார் வகை, டிரம்ஸ், நரம்பிசைக் குழு என்று விரித்திருக்கிறார்கள். இந்த விரிவு ‘வாட் வீ ஹேட்’ பாடலுக்கு மிகவும் பொருந்துகிறது. முன்பிருந்த உறவை நினைத்து ஏங்கும் ராலிங்ஸின் மெல்லிய உச்சக் குரலுக்கு அந்த மென்மையான மெத்தை தேவைப்படுகிறது. ஆனாலும் 1935ஆம் ஆண்டைச் சேர்ந்த தம் எபிஃபோன் கிட்டாரில் அவர் ஸ்வரங்களை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்கும்போது, மற்ற வாத்தியங்கள் எல்லாம் விலகி நின்று வழிவிடுவதுபோல ஒலிப்பதிவு அமைந்திருக்கிறது. இந்த நுட்பத்தை உணர, கைப்பேசியின் ஒலிபெருக்கியை விடுத்து நல்ல ஹெட்ஃபோனில் கேட்க வேண்டும்.

‘லாமேன்’ எனக்குக் குறையாகவே பட்டது. பழைய நாட்டார் பாடல்களின் வார்ப்பில் வரும் காவலதிகாரிக் கதையை இவர்கள் இதைவிட ஆழமாக முன்பே செய்திருக்கிறார்கள். ‘டர்ஃப் தி கேம்ப்ளர்’ கேட்க இனிமையானது, அவ்வளவே. மாறாக, தன் முதுமையை நேருக்கு நேர் சந்திக்கும் ‘ஹியர் ஸ்டாண்ட்ஸ் எ வுமன்’ ஒவ்வொரு முறை கேட்கும்போதும் கனக்கிறது.

2025 பிப்ரவரியில் சிறந்த ஃபோக் தொகுப்புக்கான கிராமி விருது இதற்குக் கிடைத்தது மகிழ்ச்சியே. விருதைப் பார்த்துக் கேட்க வருபவர்கள் தயவுசெய்து பாடல்களைக் கலைத்துப்போடாமல், வரிசைப்படி கடைசிவரை கேட்க வேண்டும். பாஸ்டனின் பெர்க்லி இசைக் கல்லூரியில் சந்தித்த நாள் தொட்டுச் சேர்ந்தே பாடிவரும் இருவர், ‘ஹவ்டி ஹவ்டி’ என்ற இறுதிப் பாடலில், ஒருவர் முடிந்து மற்றவர் தொடங்கும் இடமே தங்கள் வாழ்வின் சிறந்த பகுதி என்கிறார்கள். அந்த வரி வரும்போது, யார் குரல் எங்கே முடிந்தது என்று மூன்று முறை திரும்பக் கேட்டும் என்னால் பிரித்தறிய முடியவில்லை.