சைக்கிளா, நடையா? பைபாஸ் ரோட்டைத் தாண்டிப் போகும் பிள்ளைக்கு எது சரி

எங்கள் வீடு மதுரை எஸ்.எஸ்.காலனியில். மகள் இந்த ஜூனில் ஆறாம் வகுப்புக்குப் போனாள். புதுப் பள்ளி பைபாஸ் ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஒன்றேகால் கிலோமீட்டர். ஆட்டோவில் பிதுங்கப் பிதுங்க ஏற்றி அனுப்ப மனம் வரவில்லை. மூன்று வாரம் சைக்கிளில் விட்டுப் பார்த்தோம். பிறகு தெருப்பிள்ளைகளோடு சேர்த்து நடக்க விட்டுவிட்டோம்.

சைக்கிளில் எட்டு நிமிடம், நடந்தால் இருபது. பையின் கனமும் கேரியருக்குப் போய்விடும். தெருவுக்குள் ஓட்டுகிறவரை சைக்கிளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

என் மனதை மாற்றியது, வலப்பக்கம் திரும்புகிற அந்த ஒரே இடம். இடது ஓரமாக வரும் பிள்ளை நடுரோட்டுக்கு நகரவேண்டும். அதற்கு முன் பின்னால் பார்க்கவேண்டும், ஒரு கையை எடுத்துக் காட்டவேண்டும். ஒரு ஞாயிறு காலை, ஆளில்லாத தெருவில் அவளை ஓட்டச் சொல்லி, பின்னால் நின்று விரல்களைக் காட்டினேன். "எத்தனைன்னு பார்த்துச் சொல்லும்மா" என்றேன். ஐந்து தடவையும் சரியாகச் சொன்னாள். ஐந்து தடவையும் தலையோடு ஹேண்டில்பாரும் திரும்பி, சைக்கிள் இரண்டடி வலப்பக்கம் போனது. பைபாஸில் அந்த இரண்டடியில் டவுன் பஸ் வந்துகொண்டிருக்கும்.

50 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி, ஓட்டுநர் சுதாரிக்கும் ஒரு நொடிக்குள் 14 மீட்டர் ஓடிவிடும். பிரேக் பிடிப்பது அதற்குப் பிறகுதான். 30 கிலோமீட்டரில் அது 8 மீட்டர். நடப்பவர்களும் சைக்கிளும் வண்டிகளும் கலக்கிற இடங்களில் 30-ஐத் தாண்டக்கூடாது என்று 2020-இல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலகச் சாலைப் பாதுகாப்பு மாநாடு கேட்டது. பைபாஸில் அந்த வேகத்தில் யார் வருகிறார்கள்?

"இறங்கித் தள்ளிக்கிட்டுப் போகட்டுமே" என்றாள் மனைவி. போகலாம். ஆனால் நடுவில் பதறினால், கையில் சைக்கிளோடு சட்டென்று பின்வாங்க முடியாது.

நடையில் ஏழு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், முறை வைத்துப் போகிறோம். சிக்னலில் கும்பலாக நிற்பதால் ஓட்டுநர் கண்ணுக்குத் தப்பாது. நடைபாதை இல்லாத இடத்தில் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடக்கப் பழக்கியிருக்கிறோம். எதிர்வீட்டுத் தாத்தா முறையன்று சின்னப் பையன்களிடம், "கையைப் பிடிக்க வெக்கமா இருந்தா முன்னாடி போறவன் பையைப் பிடிச்சுக்கய்யா" என்பார். பிடித்துக்கொள்கிறார்கள்.

முறைக்காரருக்குக் காய்ச்சல் வந்தால் காலையில் ஆறு வீட்டுக்கும் போன் போட்டு அலையவேண்டும். சிறப்பு வகுப்பு முடிந்து தனியாகத் திரும்பும் நாளுக்கு இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை. ஐப்பசி மழையில் இந்த ஏற்பாடு எப்படித் தாங்கும் என்று இப்போதே சொல்லத் தெரியவில்லை. பதினொன்றாம் வகுப்பில் அரசு சைக்கிள் வாங்கும் பிள்ளைகளுக்கும் என் கணக்கு பொருந்தாமல் போகலாம். அந்த வயதுப் பிள்ளை எங்கள் வீட்டில் இல்லை.

சைக்கிளை விற்கவில்லை. ஞாயிறுதோறும் விரல் எண்ணும் பயிற்சி நடக்கிறது. போன வாரம் பத்துக்கு நான்கு தடவை கோடு மாறாமல் போனாள்.