காலையில் மட்டும் மிஸ்ஸிங் அடிக்கும் காரைச் சூடாகக் கொண்டுபோய் ஒர்க்ஷாப்பில் விடாதீர்கள்

ஐந்து மாதத்தில் நான்கு முறை ஒர்க்ஷாப் போய் வந்தேன். கடைசியில் "ஹெட்டை இறக்கணும் சார்" என்றார்கள், அதாவது இன்ஜினின் மேல்பாகத்தையே கழற்ற வேண்டுமாம். கோளாறு இருந்ததோ கட்டைவிரல் அளவுள்ள ஒரு சென்சாரில். இதே தொந்தரவோடு வண்டியை விடப் போகிறவர்கள் யாராவது இருந்தால், விடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

என்னுடையது நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார். ராத்திரி முழுக்க நின்ற பிறகு காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும்தான் பிரச்சினை. செல்ஃப் இழுத்துக்கொண்டே இருக்கும். பிடித்தாலும் ஐட்லிங் 500 ஆர்பிஎம்முக்கு இறங்கி இறங்கி ஏறும், ஸ்டீயரிங் கையில் நடுங்கும், ஆக்சிலரேட்டரைத் தொட்டால் அணைந்துவிடும். ஒரு நிமிஷம் தாண்டினால் எல்லாம் சரியாகிவிடும். அப்புறம் நாள் முழுக்க எத்தனை முறை நிறுத்தி எடுத்தாலும் ஒரே திருப்பில் பிடிக்கும்.

முதல் முறை போனபோது செக் இன்ஜின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஸ்கேனரை மாட்டினார்கள், பி0300 என்று வந்தது. எந்த சிலிண்டர் என்று குறிப்பாகச் சொல்லாமல், பொதுவாக மிஸ்ஸிங் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் விட்டுப்போவது) இருக்கிறது என்று காட்டும் கோட் அது. நான் பக்கத்தில் நிற்கும்போதே அதை அழித்துவிட்டார்கள். கோளாறு பதிவாகும் நொடியில் ஆர்பிஎம் எவ்வளவு, இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தின் சூடு எவ்வளவு என்றெல்லாம் இன்ஜினின் கம்ப்யூட்டரான ஈசிஎம் சேர்த்துக் குறித்து வைக்கும், ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பார்கள். கோடை அழித்தால் அதுவும் போய்விடும். என் வண்டிக்கான விடை அதற்குள் இருந்திருக்கும் என்பது பல மாதம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. தயவுசெய்து அழிக்க விடுவதற்கு முன் அந்தத் திரையை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பிளக் நான்கையும் மாற்றியதாக பில் போட்டார்கள், அதுவும் இரிடியம் பிளக் என்று. அடுத்த முறை, பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில் நான்கும். அதற்கடுத்து பெட்ரோல் பம்ப். ஒவ்வொரு முறையும் வண்டியைத் திரும்ப வாங்கும்போது இன்ஜின் சூடாக இருக்கும். "இப்ப பாருங்க சார், எவ்வளவு ஸ்மூத்தா இருக்கு" என்பார் சூப்பர்வைசர். மறுநாள் காலையில் பழைய நடுக்கம் அப்படியே இருக்கும்.

இரண்டு முறை வண்டியை ராத்திரி அங்கேயே விட்டேன். "காலையில் நான் வந்த பிறகு என் முன்னால் ஸ்டார்ட் பண்ணுங்கள்" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். இரண்டு முறையும் நான் போய்ச் சேருவதற்குள் வண்டியை எடுத்து வேறு இடத்தில் நிறுத்தியிருந்தார்கள். பானெட்டில் கை வைத்தால் சூடு தெரிந்தது. பெட்ரோல் பிரஷரை ஒரு தடவையும் கேஜ் மாட்டிப் பார்க்கவில்லை. கம்ப்ரஷனும், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் நிற்கிறதா என்றும், பார்க்கவில்லை. எதையும் அளக்காமலேயே வால்வு சீட்டிங் (வால்வு இறுக்கமாக மூடி உட்காரும் இடம்) போய்விட்டது என்று சொல்லி, ஹெட் வேலைக்கு முன்பணம் வாங்கிக்கொண்டார்கள். நானும் கொடுத்தேன்.

கொடுத்துவிட்டு வந்த ராத்திரி மனசு கேட்கவில்லை. நண்பர் ஒருவரிடம் ஸ்கேனர் இருந்தது. மறுநாள் காலை அதை மாட்டி, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆனில் மட்டும் வைத்துப் பார்த்தோம். உள்ளே போகும் காற்று 22 டிகிரி. கூலன்ட் 61 டிகிரி. ராத்திரி முழுக்க நின்ற இன்ஜினில் இந்த இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். நண்பர் ஒன்றும் சொல்லாமல் பானெட்டைத் திறந்து, என் கையைப் பிடித்து இன்ஜின் மேல் வைத்தார். ஜில்லென்று இருந்தது.

குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, ஒரு பங்கு உள்ளே போகும் வழியின் சுவரில் படிந்துவிடும். அதனால் ஈசிஎம் அந்த நேரத்தில் பெட்ரோலைக் கூடுதலாக விடும், பழைய கார்ப்பரேட்டர் வண்டியில் சோக் இழுத்த மாதிரி. எவ்வளவு கூடுதல் என்பதை கூலன்ட் சென்சாரைக் கேட்டுத்தான் முடிவு செய்கிறது. சென்சார் 61 என்று சொன்னால் குறைவாகத்தான் விடும். ஆக்சிஜன் சென்சார் சூடாகி வேலையைத் தொடங்கிய பிறகுதான் குறையைக் கண்டுபிடித்து ஈசிஎம் சரிக்கட்டும். என் வண்டியின் அந்த ஒரு நிமிஷக் கணக்கு இதுதான்.

சென்சாரில் ஒயர் வந்து மாட்டும் கப்ளரைக் கழற்றினோம். உள்ளே ஈரம், பின்களில் பச்சையாகப் பூத்திருந்தது. சென்சாரின் சீல் விட்டு கூலன்ட் கசிந்து வந்திருக்கிறது. மீட்டர் வைத்தால் 600 ஓம் சொச்சம் காட்டியது. அந்தக் குளிருக்கு 2000க்கு மேல் இருக்க வேண்டும். இந்தச் சென்சாரில் சூடு ஏற ஏற ஓம் குறையும். இன்ஜின் சூடானால் சரியான அளவே 300க்குப் பக்கத்தில் வந்துவிடும், அப்போது ஈரத்தால் வரும் பிழை பெரிதாகத் தெரியாது. அதனால்தான் பகலில் யார் பார்த்தாலும் ஒன்றும் பிடிபடவில்லை. சென்சாரின் மின்தொடர்பு முழுசாக அறுந்திருந்தால் பி0118 என்று தனி கோடே வந்திருக்கும். 61 டிகிரி என்பது நம்பக்கூடிய எண்தானே, ஈசிஎம் நம்பிவிட்டது.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் கவனித்தேன். என் வண்டியில் கூலன்டுக்கு முள் கிடையாது. இன்ஜின் குளிர்ந்திருந்தால் ஒரு நீல விளக்கு எரியும், அவ்வளவுதான். அது எத்தனை மாதமாகக் காலையில் எரியாமல் இருந்ததோ! உங்கள் வண்டியிலும் அந்த விளக்கு இருந்தால் நாளைக் காலை ஒருமுறை பாருங்கள்.

புது சென்சார் போட்டு, கப்ளரைச் சுத்தம் செய்து மாட்டினோம். மறுநாள் காலை முதல் திருப்பிலேயே பிடித்தது. ஒரு சின்ன நடுக்கம்கூட இல்லை.

சரி, அந்த இரிடியம் பிளக்கையும் பார்த்துவிடலாம் என்று கழற்றினோம். இரிடியம் பிளக்கின் நடு முனை ஊசி மாதிரி, ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாமல் மெல்லிசாக இருக்கும். என் வண்டியிலிருந்து வந்த நான்கிலும் முனை இரண்டரை மில்லிமீட்டர் தடிமன், ஓரம் தேய்ந்து உருண்டிருந்தது. சாதாரண நிக்கல் பிளக். பில்லில் ஒன்று, வண்டியில் ஒன்று. காயில், பம்ப் விஷயத்தில் என்ன நடந்தது என்று நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை, ஏனென்றால் பழைய பாகங்களை நான் அப்போதே கேட்டு வாங்கவில்லை. பிறகு கேட்டபோது "ஸ்கிராப்ல போயிடுச்சு சார்" என்றார்கள்.

பம்ப் என்று யாராவது சொன்னால், காலையில் சாவியை ஆனில் இரண்டு மூன்று வினாடி வைத்து அணையுங்கள். இப்படி மூன்று தடவை செய்துவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். நன்றாகப் பிடித்தால், ராத்திரியில் பெட்ரோல் பிரஷர் இறங்குகிறது என்று சந்தேகிக்கலாம், பம்பையோ இன்ஜெக்டரையோ பார்ப்பதில் அர்த்தம் உண்டு. என் வண்டியில் பழைய சென்சாரோடு இதைச் செய்தபோது ஒரு வித்தியாசமும் இல்லை. ஹெட் என்று சொன்னால், அளவு எடுத்த கம்ப்ரஷன் எண்களை எழுதிக் கேளுங்கள். கூலன்ட் மட்டம் இறங்கிக்கொண்டே வந்து, காலைப் புகை நெடுநேரம் வெள்ளையாக வந்தால் அதை அலட்சியப்படுத்தக் கூடாது, ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் வழியாக சிலிண்டருக்குள் கூலன்ட் இறங்கலாம். என்னுடையதில் அந்த அறிகுறி எதுவுமே இல்லை.

அந்த நான்கு பிளக்குகளையும் பில்லின் நகலோடு ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன். முன்பணத்தைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேட்டுப் பதினோரு நாள் ஆகிறது, இன்னும் பதில் இல்லை.