தைராய்டை எடுத்த பிறகு: 100, 125, அப்புறம் இரண்டுக்கும் நடுவில்

கழுத்துக் கழலை பெரிதாகி மூச்சுக்குழாயை அழுத்தத் தொடங்கியதால் தைராய்டை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். புற்றுநோய் இல்லை. மூன்று வருடமாக லெவோதைராக்ஸின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரையில்தான் ஓடுகிறது. இதே ஆபரேஷன் முடிந்து, "டோஸ் இன்னும் செட் ஆகலையே" என்று தவிப்பவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன். செட் ஆகும். கொஞ்ச நாள் பிடிக்கும்.

சுரப்பியே இல்லாதவர்களுக்குத் தோராயமாகக் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் என்று கணக்குப் போட்டு ஆரம்பிப்பார்கள். என் எடைக்கு 100 வந்தது. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும், "எனக்கு 25தான், உனக்கு மட்டும் ஏன் இவ்வளவு?" என்று கேட்டுப் பயமுறுத்தினார்கள். அவர்களுக்குச் சுரப்பி இருக்கிறது, குறைகிற கொஞ்சத்தை மாத்திரை ஈடுகட்டுகிறது. நமக்கு முழுத் தேவையும் மாத்திரையிலிருந்துதான் வர வேண்டும். புற்றுநோய்க்காக எடுத்தவர்களில் சிலருக்கு டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; உடம்பில் தைராய்டு ஹார்மோன் குறைந்தால் இது ஏறும், கூடினால் இறங்கும்) அளவை வேண்டுமென்றே இறக்கி வைப்பார்கள். அதனால் அடுத்தவர் ரிப்போர்ட்டோடு நம்முடையதை ஒப்பிடவே கூடாது.

ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் டிஎஸ்ஹெச் 11. பங்குனி வெயிலிலும் ஃபேனை நிறுத்தச் சொல்லிப் போர்த்திக்கொள்வேன். மாவு அரைத்து வழித்து வைப்பதற்குள் கை சோர்ந்துவிடும். டோஸை 125 ஆக்கினார்கள். அடுத்த பரிசோதனையில் 6. இன்னும் கூட்டுவார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் எண்டோகிரைனாலஜிஸ்ட் (ஹார்மோன் மருத்துவர்) அம்மா கேட்டது வேறு: "கால்சியம் எத்தனை மணிக்குப் போடறீங்க?"

தைராய்டுக்குப் பின்னால் அரிசி மணி அளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் ஒட்டியிருக்கும். ஆபரேஷனில் அவை அடிபட்டால் ரத்தத்தில் கால்சியம் இறங்கும். எனக்கு உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் சுருசுருவென்று மரத்துப்போனது, அதற்காகத்தான் கால்சியம் மாத்திரை. டிஸ்சார்ஜ் சீட்டில் 'காலை, இரவு' என்று மட்டும்தான் இருந்தது. யாரும் விளக்கவில்லை. ஆறு மணிக்குத் தைராய்டு மாத்திரை, எட்டு மணிக்கு இட்லி முடித்ததும் கால்சியம். குடலில் கால்சியம் தைராய்டு மாத்திரையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போக விடாது, நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதேதான். இந்த ஒரு வரியைச் சீட்டிலேயே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும் என்று இன்றும் எனக்கு வருத்தம் உண்டு.

காலைக் கால்சியத்தை மதியச் சாப்பாட்டுக்குப் பின் மாற்றினேன். அதே 125தான். அடுத்த ரிப்போர்ட்டில் டிஎஸ்ஹெச் 0.1! கூடவே படபடப்பு, கை நடுக்கம், பாதி ராத்திரியில் விழிப்பு. அளவு கூடிப்போனதன் அறிகுறிகள் அவை. அப்படியே விட்டால் இதயத் துடிப்பின் சீர் கெடலாம், எலும்பும் தேயும்.

இப்போது வாரத்தில் ஐந்து நாள் 100, சனி ஞாயிறு 125. கேட்க விநோதமாக இருக்கும். ஆனால் இந்த ஹார்மோன் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும், அதனால் வாரத்தின் மொத்தக் கணக்குதான் முக்கியம். டோஸ் மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் டெஸ்ட் எடுக்கச் சொல்வதற்கும் இதுவே காரணம். இரண்டாவது வாரத்தில் "ஒன்றும் தெரியலையே" என்று தோன்றும். அப்போது நாமாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. இந்த அளவில் எனக்கு டிஎஸ்ஹெச் இரண்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது, தூக்கமும் திரும்பிவிட்டது.

காபி விஷயம்தான் நம் ஊரில் கஷ்டம். டிகாஷன் மணம் மூக்கில் ஏறும்போது, மாத்திரை போட்டுவிட்டு ஒரு மணி நேரம் காத்திருப்பது லேசில்லை. ஆனால் காபியும் மாத்திரை சேர்வதைக் குறைக்கும். முடியாதவர்கள் மருத்துவரிடம் கேட்டு, இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் போடலாம். ஒரே கம்பெனி மாத்திரையில் இருப்பதும் நல்லது. மாற்ற வேண்டி வந்தால் மறுபடி ஆறு வாரத்தில் டெஸ்ட்.

டெஸ்ட் அன்று ரத்தம் கொடுத்த பிறகுதான் நான் மாத்திரை போடுவேன். முடி கொட்டுகிறதே என்று பயோட்டின் மாத்திரை எடுப்பவர்கள் லேப் போவதற்கு இரண்டு நாள் முன்பாவது அதை நிறுத்துங்கள். சில லேப் முறைகளில் அது டிஎஸ்ஹெச் அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும், அதை நம்பி டோஸையும் குறைத்துவிடுவார்கள்.