5432-ஐத் திறப்பதா, சுரங்கம் போடுவதா?

வாடகைச் சர்வரில் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம் ஓடுகிறது. அது இணைப்புக்குக் காத்திருக்கும் வாசல் எண், அதாவது போர்ட், 5432. கணக்கு மென்பொருள் கிளை அலுவலகக் கணினியில் இருக்கிறது. இரண்டும் பேசிக்கொள்ள வேண்டும். யாரைக் கேட்டாலும் கிடைக்கும் முதல் பதில், “ஃபயர்வாலில் 5432-ஐத் திறந்துவிடுங்கள்” என்பதுதான். ஃபயர்வால் என்பது சர்வருக்கு வரும் போக்குவரத்தை வடிகட்டும் காவல். திறந்தால் வேலை நடந்துவிடும். அதனால்தான் அதற்குமேல் யாரும் யோசிப்பதில்லை. 2017 ஜனவரியில் கடவுச்சொல்கூட இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்த மாங்கோடிபி தரவுத்தளங்கள் ஆயிரக்கணக்கில் துடைக்கப்பட்டன. உள்ளே மிஞ்சியது பணம் கேட்கும் மிரட்டல் குறிப்பு மட்டும்.

வழிகளை ஒப்பிடும் முன், பிழைச் செய்தியைப் படிக்கத் தெரிய வேண்டும். இணைப்பு உடனே மறுக்கப்பட்டால், பெரும்பாலும் குற்றவாளி ஃபயர்வால் அல்ல. போஸ்ட்கிரெஸ் இயல்பாகத் தன் சொந்தக் கணினியிலிருந்து வருவோருக்கு மட்டுமே செவிகொடுக்கும். அந்த அமைப்பை மாற்றாமல் ஃபயர்வாலோடு மல்லுக்கட்டுவது வீண். பதிலே வராமல் அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று இழுத்தால், நாம் அனுப்பிய தரவுப் பாக்கெட்டை யாரோ வழியில் விழுங்குகிறார்கள். சர்வரின் ஃபயர்வாலோ, கிளவுட் நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் இருக்கும் வெளி ஃபயர்வாலோ காரணமாக இருக்கலாம். ஃபயர்வால்டி என்ற ஃபயர்வால் கருவி இருக்கும் சர்வர் “அங்கே செல்ல வழியே இல்லை” என்ற பொருளில் ஒரு செய்தி தரும். அதை நம்பி ரவுட்டரைக் கழற்றி மாட்டியவர்களை எனக்குத் தெரியும்.

போர்ட்டைத் திறப்பதுதான் முடிவென்றால், அதற்கான கருவி உபுண்டு லினக்ஸில் யு.எஃப்.டபிள்யூ, ரெட் ஹேட் குடும்ப லினக்ஸில் ஃபயர்வால்டி. முதலாவது எளிது: இந்த முகவரியிலிருந்து இந்தப் போர்ட்டுக்கு அனுமதி என்று ஒரே வரியில் முடிந்துவிடும். ஆனால் விதிகளை மேலிருந்து கீழாகப் படித்து, முதலில் பொருந்துவதோடு நின்றுவிடும். எல்லோருக்கும் அனுமதி என்ற பழைய வரி மேலே இருந்தால், கீழே எத்தனை தடைகளைச் சேர்த்தாலும் பயனில்லை. இயக்கும் முன் தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழியான எஸ்.எஸ்.எச்-க்கான 22-ஐ அனுமதிக்க மறந்து, நள்ளிரவில் என் சர்வருக்கே நான் அந்நியனானது ஒருமுறை நடந்தது. அதன் பிறகு பத்து நிமிடத்தில் ஃபயர்வாலைத் தானாக அணைக்கும் கட்டளையை வரிசையில் வைத்துவிட்டுத்தான் கை வைக்கிறேன்.

ஃபயர்வால்டியில் நிரந்தரம் என்று சொல்லாமல் சேர்த்த விதி, அடுத்த மறுதொடக்கத்தில் மறைந்துவிடும். புதியவர்களுக்கு இது எரிச்சல். எனக்கு இதுவே பாதுகாப்பு. ஒரு மணி நேரத்தில் தானே காலாவதியாகும் விதியையும் அதில் போடலாம். யு.எஃப்.டபிள்யூவில் அந்த வசதி இல்லை. இரண்டுக்கும் அடியில் உள்ள லினக்ஸின் வடிகட்டியான என்.எஃப்.டேபிள்ஸை நேரடியாக எழுதலாம்தான். ஒரு சர்வருக்காக அந்தப் பாடு வேண்டாம்.

நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கரில் போஸ்ட்கிரெஸ் ஓடினால் கதையே வேறு. டாக்கர் வெளியே காட்டும் போர்ட்டுக்கான போக்குவரத்து, யு.எஃப்.டபிள்யூ காவல் நிற்கும் வாசல் வழியாக வருவதே இல்லை. 5432 மூடியிருக்கிறது என்று யு.எஃப்.டபிள்யூ காட்டும். வெளியிலிருந்து தட்டினால் திறக்கும். அந்தப் போர்ட்டை, அதே கணினியைக் குறிக்கும் முகவரியான 127.0.0.1-இல் மட்டும் காட்டுமாறு டாக்கரிடமே சொல்லிவிட வேண்டும்.

முகவரியை வைத்து அனுமதிப்பது, நிலையான ஐ.பி. முகவரி உள்ள இரண்டு சர்வர்களுக்கு இடையே அருமையாக வேலை செய்யும். வீட்டு பிராட்பேண்டில் அது நொண்டியடிக்கும். முகவரி அடிக்கடி மாறும். சில இணைய நிறுவனங்கள் ஒரே முகவரியைப் பல சந்தாதாரர்களுக்குப் பகிர்கின்றன. நம் கணக்காளருக்கு வழிவிடுவதாக நினைத்து, அவர் தெருவுக்கே வழிவிட்டிருப்போம்.

அங்கேதான் எஸ்.எஸ்.எச் இணைப்புக்குள்ளேயே வேறொரு போக்குவரத்தைக் கடத்தும் எஸ்.எஸ்.எச் சுரங்கம் கைகொடுக்கிறது. மடிக்கணினியின் 5433-ஐ, 22 வழியாக, சர்வருக்குள் இருக்கும் 5432-க்கு இழுத்துவிடலாம். போஸ்ட்கிரெஸ் அமைப்பில் ஒன்றையும் தொட வேண்டாம். புதிய போர்ட்டும் திறக்க வேண்டாம். குறை என்னவென்றால், மடிக்கணினி தூங்கினால் சுரங்கமும் அறுந்துவிடும். நிரலாளர் அலுக்காமல் மறுபடி இணைப்பார். கணக்காளர் தொலைபேசியில் என்னைத்தான் அழைப்பார்.

ஆட்கள் நான்கைந்து பேரைத் தாண்டினால் நான் வயர்கார்டு என்ற வி.பி.என்-க்கு, அதாவது கணினிகளைத் தனி வலையமைப்பாக இணைக்கும் மென்பொருளுக்கு, போய்விடுவேன். 2020-இல் வந்த லினக்ஸ் 5.6 முதல் அது லினக்ஸின் மையமான கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. வெளியே ஒரேயொரு யு.டி.பி. (தரவை அனுப்பும் ஒரு முறை) போர்ட், வழக்கமாக 51820. சாவி இல்லாதவர் தட்டினால் பதிலே வராது. ஆளுக்கொரு சாவி, ஒருவர் வேலையை விட்டுப் போனால் அவர் சாவியை நீக்கினால் போதும். ஒவ்வொரு கணினியிலும் ஒருமுறை நிறுவ வேண்டும் என்பதும், யு.டி.பி.யைத் தடுக்கும் சில அலுவலக வலையமைப்புகளில் இணையாது என்பதும் இதன் விலை.

எந்த வழியானாலும் சோதனையைச் சர்வருக்குள்ளிருந்து செய்யாதீர்கள். உள்ளிருந்து எல்லாமே திறந்துதான் தெரியும். நான் வைஃபையை அணைத்து, கைப்பேசி டேட்டாவிலிருந்து 5432-ஐத் தட்டிப் பார்ப்பேன். கிளை அலுவலகத்தில் இப்போது ஆறு பேர் வயர்கார்டில் இருக்கிறார்கள். தணிக்கையாளர் மட்டும் எதையும் நிறுவ மாட்டேன் என்றார். அவர் வரும் நாளில் அவர் அலுவலகத்தின் நிலையான முகவரிக்கு ஃபயர்வால்டியில் ஒரு மணி நேர விதி. போன முறை அவர் வேலை முடிய எழுபது நிமிடம் ஆனது. புதிய இணைப்பு கிடைக்காமல் தொலைபேசியில் திட்டினார்.