மரை கழன்ற ரிப்பேர்: ரைஃபிளின் முன் சைட்டில் நான் ஏமாந்த கதை

இங்கே பென்சில்வேனியாவில் மான் வேட்டைக்குப் போகிற நம்மவர்கள் சிலர் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இது. 90 டாலர் போனதுகூடப் பெரிதில்லை, நல்ல பேரல் (துப்பாக்கிக் குழல்) ஒன்று பாழாகிவிட்டது.

என்னுடையது பழைய ரெமிங்டன் 700. 30-06 ரகத் தோட்டா, 22 அங்குலப் பேரல். முன் சைட், அதாவது முனையில் குறிபார்க்க இருக்கும் முள், உட்காரும் சரிவான மேடையைப் பிடித்துக்கொண்டிருப்பது இரண்டே இரண்டு பொடித் திருகுகள். அக்டோபரில் முனைப்பக்கத் திருகு லேசாக ஆடியது. இறுக்கினேன். போதாதென்று இன்னொரு சுற்று. அவ்வளவுதான், திருகு சும்மா சுழல ஆரம்பித்தது. துளையில் மரை போய்விட்டது. அந்தத் தப்பு என்னுடையது.

பக்கத்து ஊரில் வீட்டோடு சேர்ந்த சின்னக் கடை. சுவரில் மத்திய அரசின் துப்பாக்கி லைசென்ஸ் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. அதைப் பார்த்துத்தான் மயங்கினேன். அந்த லைசென்ஸ் தொழில் நடத்துவதற்கான அனுமதி மட்டுமே. டேப் (துளைக்குள் மரை வெட்டும் கருவி) பிடிக்கத் தெரியுமா என்று அதைக் கொடுப்பவர்கள் யாரும் சோதிப்பதில்லை. "ஒரு மணி நேர வேலை, வச்சுட்டுப் போங்க" என்றார் பெரியவர். எந்த முறையில் சரிசெய்வார் என்று நான் கேட்கவில்லை. ரசீதிலும் "சைட் ரிப்பேர்" என்று இரண்டே வார்த்தை.

ஒரு மணி நேரம் மூன்று வாரமானது. நன்றி தெரிவிக்கும் நாளுக்கு அடுத்த சனிக்கிழமை மான் சீசன் தொடங்குகிறது, அதற்கு நான்கு நாள் முன்புதான் கைக்கு வந்தது. சைட் அசையவில்லை, பாறை மாதிரி இருந்தது. சந்தோஷமாகக் காசு கொடுத்தேன்.

மறுநாள் ரேஞ்சில் 100 கஜத்தில் சுட்டேன். முன்பெல்லாம் உள்ளங்கைக்குள் அடங்கும் குண்டுகள் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறின. என் கைதான் சரியில்லை என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து துடைக்கும்போது துணி முனைக்குப் பக்கத்தில், ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் சிக்கியது. டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே ஒரு சின்ன மேடு, மேலே திருகு இருக்கும் அதே இடத்துக்கு நேர் கீழே.

சீசனை விட்டுவிட்டு, 60 மைல் தள்ளி இருக்கும் வேறொருவரிடம் கொண்டுபோனேன். திருகு கழலவே மாட்டேன் என்றது. திருகைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் பசையான சிவப்பு லாக்டைட்டில் குளிப்பாட்டியிருந்தார்கள். சாதாரணமாகக் கழற்றவேண்டிய இடத்தில் அதைப் போடமாட்டார்கள், சூடு காட்டினால்தான் விடும். சால்டரிங் அயர்ன் வைத்துச் சூடேற்றி எடுத்து, மரை இடைவெளியை அளக்கும் பிட்ச் கேஜை வைத்துக் காட்டினார்.

துப்பாக்கி வேலையில் இந்த இடத்துக்கு 6-48 திருகு. அங்குலத்துக்கு 48 மரை. உள்ளே இருந்தது 6-32, ஹார்டுவேர் கடையில் டப்பா டப்பாவாகக் கிடைக்கும் சாதாரணத் திருகு. இரண்டுக்கும் விட்டம் ஒன்றுதான், சுமார் 3.5 மில்லிமீட்டர், அதனால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. மரை இடைவெளிதான் வேறு: ஒன்றில் 0.53 மில்லிமீட்டர், மற்றதில் 0.79. அதைப் பலவந்தமாக முடுக்கியதில் மிச்சமிருந்த மரையும் போயிருக்கிறது. அது பிடிக்கவில்லை என்றதும் முதல் கடைக்காரர் துளையை ஆழமாக்கி, நீளமான திருகாகப் போட்டிருக்கிறார். அந்த இடத்தில் பேரலின் சுவரே நாலு மில்லிமீட்டர் சொச்சம்தான். அடியில் தோல் மாதிரி மிஞ்சியிருந்த இரும்பைத் திருகு முட்டி உள்ளே தள்ளிவிட்டது. குண்டு வெளியேறும் கடைசி இடத்தில் மேடு இருந்தால் குறி எங்கே நிற்கும்?

கோவையில் அப்பாவின் லேத் பட்டறையில் வளர்ந்தவன் நான். விட்வொர்த் போல்ட்டில் மெட்ரிக் நட்டை ஏற்றப் பார்த்ததற்காகத் தலையில் குட்டு வாங்கியவன். எனக்கே இது நடந்தது என்பதுதான் எரிச்சல்.

ஒழுங்கான வழி சிக்கலானதும் இல்லை. துளையை ஒரு சைஸ் பெரிதாக்கி 8-40 டேப் அடிப்பார்கள். துளை மறுபக்கம் திறக்காதது என்பதால் கடைசியில் அடிவரை வெட்டும் தட்டை முனை டேப்பைப் போடவேண்டும். டிரில் குறிப்பிட்ட ஆழத்துக்கு மேல் இறங்காதபடி தடை வைப்பார்கள். திருகு அடியில் முட்டாத நீளத்துக்கு அரத்தால் தேய்ப்பார்கள். அப்புறம் மேடையின் துளையையும் கொஞ்சம் அகலப்படுத்துவார்கள். இல்லையென்றால் மேடையை ஈயப்பற்று வைத்தே ஒட்டலாம். வெள்ளிப்பற்று வைக்கிறேன் என்று யாராவது சொன்னால் யோசியுங்கள், அதற்கு 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும், பேரலின் நீலப்பூச்சு போய்விடும்.

முதல் கடைக்குப் போய்த் திருகைக் காட்டினேன். "நீங்க கொண்டுவரும்போதே அப்படித்தான் இருந்தது" என்றார். கொடுக்கும் முன் நான் ஒரு போட்டோகூட எடுத்து வைக்கவில்லை, பதில் பேச வழியில்லை.

கடைசியில் முனையில் 2 அங்குலம் வெட்டி, புதிதாக கிரவுன் செய்தாயிற்று, அதாவது குண்டு வெளியேறும் விளிம்பைச் சீராகக் கடைந்தாயிற்று. பேரல் இப்போது 20 அங்குலம். சட்டப்படி 16-க்குக் குறையக்கூடாது, அதனால் அந்தக் கவலை இல்லை. முன் சைட்டை மறுபடி பொருத்தவில்லை, மேலே ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) மாட்டிக்கொண்டேன். அதன் அடித்தட்டுக்கும் 6-48 திருகுதான். கடைக்காரர் நீட்டிய பாக்கெட்டைப் பிரித்து, கவுன்ட்டரிலேயே பிட்ச் கேஜை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் காசைக் கொடுத்தேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.